பழைய பாகங்களில் ஒரு மலைச் சைக்கிள்: கோத்தகிரிக்காகக் கட்டியது, ஆன செலவு ரூ.23,650

அக்கா மகன் கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்த பின்சக்கரத்தைப் பட்டறை மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தேன். ஆக்சில் (சக்கரத்தின் நடு அச்சு) வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. ஒரே வருடத்தில் மூன்றாவது ஆக்சில். “மாமா, இதைச் சரி பண்ணிக் குடுத்தாலும் தீபாவளிக்குள்ள மறுபடி வந்து நிப்பேன்” என்றான். அவன் சொன்னது சரிதான். ஆக்சில் மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் கோளாறு ஆக்சிலில் இல்லை.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், புஷ், கப்ளிங் என்று நாள் முழுக்க அளவோடு புழங்குகிற வேலை. சைக்கிள் என் தொழில் இல்லை, ஆசை. அவனுக்காகப் பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு மலைச் சைக்கிள் கட்டி முடிக்க ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. எங்கே பணம் மிஞ்சியது, எங்கே வீணானது என்று அப்போதே நோட்டில் எழுதி வைத்தேன். இதே வேலையில் இறங்கி, பாதியில் பணமும் பொறுமையும் தீர்ந்துபோய், பிரித்த ஃப்ரேமைப் பரணில் போட்டுவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரும் தவறியது ஒரே இடத்தில். பாகத்தின் விலையைப் பார்த்தார்கள், அது எதோடு பொருந்தும் என்று பார்க்கவில்லை. நானும் முதல் வாரம் அதே இடத்தில்தான் தவறினேன்.

என்ன இருந்தது, என்ன வேண்டும்

அவனிடம் இருந்தது இரும்பு ஃப்ரேம், முன்னும் பின்னும் ஸ்பிரிங், 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிள். பட்டறைத் தராசில் 19.4 கிலோ. தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் இருந்தாலே ‘எம்டிபி’ (மவுன்டன் பைக், மலைச் சைக்கிள்) என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் 90களிலிருந்தே இருக்கிறது. தெருவில் ஓட்ட அது போதும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டீத்தோட்டத்து ஜீப் பாதையில் அரை கிலோமீட்டர் போனாலே கல்லும் வேரும் வந்துவிடும். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் பிரேக்கை நம்ப முடியாது. ஐப்பசி மழையில் ஈர ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும்.

ஆக்சில் ஏன் வளைந்துகொண்டே இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற முடிவுகளும் அதிலிருந்துதான் வந்தன. அந்தச் சக்கரத்தில் இருந்தது பிரீவீலை, அதாவது பின் பல்சக்கரத் தொகுப்பைத் திருகி ஏற்றுகிற பழைய வகை ஹப் (சக்கரத்தின் நடு உருளை). அதில் வலதுபக்க பேரிங் பிரீவீலுக்கு உள்ளே, ஹப்பின் நடுவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஃப்ரேம் வரைக்கும் ஆக்சில் எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஏழு பல்சக்கரம் சேர்ந்தால் அந்த நீட்டம் இன்னும் கூடும். கல்லில் குதிக்கும்போது முழு அடியும் அந்த இடத்தில் விழுகிறது. பல்சக்கரத் தொகுப்பைச் செருகி மாட்டுகிற கேசட் ஹப்பில் வலதுபக்க பேரிங் வெளிமுனையில், ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் அவ்வளவு எளிதில் வளையாது. ஆக, என்ன வாங்கினாலும் கேசட் ஹப் கட்டாயம். அடுத்து, டிஸ்க் பிரேக் மாட்ட இடம் வேண்டும். மூன்றாவது, ஏற்றத்துக்குத் தோதான சின்ன கியர். அவன் சேர்த்து வைத்திருந்தது 20,000 ரூபாய். இந்த மூன்றும் நல்லபடியாக உள்ள புது சைக்கிள் எதுவும் நான் கேட்ட கடைகளில் 35,000 ரூபாய்க்குக் கீழே இல்லை.

முதல் தவறு: ஃப்ரேமை மட்டும் வாங்கியது

ஒருவர் அலுமினிய ஃப்ரேம் ஒன்றை 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார். பெயின்ட் புதுசு மாதிரி இருந்தது, எடையும் குறைவு. அன்று மாலையே வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) நுழைகிற ஹெட் டியூபின் கீழ்வாய் மேல்வாயைவிட அகலம், அதாவது மேலே குறுகிக் கீழே அகன்ற டேப்பர் ஃபோர்க் வேண்டும். பின்னால் 142 மி.மீ. இடைவெளி, 12 மி.மீ. துளைவழி ஆக்சில். பெடல் தண்டு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் மரையே இல்லை, அழுத்தி ஏற்றும் வகை. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற பழைய பாகங்கள் நம் சந்தையில் அபூர்வம், கிடைத்தாலும் விலை எட்டாது. ஃபோர்க் ஒன்றுக்கே அவனுடைய மொத்த பட்ஜெட்டைத் தாண்டிய விலை கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த ஃப்ரேமை 3,000 ரூபாய்க்கு விற்றேன்.

ஐந்நூறு ரூபாய் போனது பெரிதில்லை. அதில் ஒன்று தெளிவானது. கடைசியில் எவ்வளவு செலவாகும் என்பதை ஃப்ரேமின் விலை சொல்லாது, அதன் வாய் அளவுகள் சொல்லும். ஹெட் டியூபின் விட்டம், பின் ஹப் உட்காரும் இடைவெளி, பாட்டம் பிராக்கெட்டின் மரை, சீட் போஸ்ட்டின் விட்டம் என்று நான்கு எண்கள். நான்கும் பழைய, பரவலான அளவாக இருந்தால் பாகங்கள் எங்கும் கிடைக்கும், விலையும் இறங்கும். ஒன்று புது வகையாக இருந்தாலும் அதை ஒட்டிய பாகங்கள் வரிசையாக விலையேறும். அதிலிருந்து எங்கே பழைய ஃப்ரேம் பார்க்கப் போனாலும் வெர்னியர் சட்டைப்பையில் இருக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு பாகத்திலும் விற்பவருக்கு ஒரு லாபம் போகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு அலைச்சல் இருக்கிறது. ஓட்டாமல் கிடக்கிற முழுச் சைக்கிளாக வாங்கினால், ஒன்றோடொன்று ஏற்கெனவே பொருந்திய பாகங்கள் மொத்தமாக வரும். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.

பால்கனியில் கிடந்த 26 இஞ்ச்

சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடியில், ஐந்து வருடமாக பால்கனியில் நின்ற சைக்கிள் அது. நல்ல கம்பெனியின் அலுமினிய ஹார்ட்டெயில் (பின்னால் ஸ்பிரிங் இல்லாத வகை), 2012ஐ ஒட்டிய மாடல். டயர் வெடித்து நூல் தெரிந்தது. சீட்டில் பறவை எச்சம். செயின் துருப்பிடித்து விறைத்திருந்தது. ஆனால் அளவுகள் எல்லாம் நான் தேடியவை. ஹெட் டியூப் நேரானது, உள்விட்டம் 34 மி.மீ., 1⅛ இஞ்ச் ஃபோர்க் உட்காரும். பின்னால் 135 மி.மீ. பாட்டம் பிராக்கெட் 73 மி.மீ. அகலம், மரை உள்ளது. கேசட் ஹப், 32 கம்பி, ஆறு போல்ட் டிஸ்க். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கும் இருந்தது.

சைக்கிள்காரர் 9,000 சொன்னார், 6,500க்கு முடிந்தது. விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம் 26 இஞ்ச் சக்கரம். இன்றைக்கு மலைச் சைக்கிள் முழுக்க 27.5க்கும் 29க்கும் போய்விட்டது, 26 என்றால் ஓட்டுகிறவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கற்களின் மேல் உருண்டு ஏறுவதில் பெரிய சக்கரம் மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் 172 சென்டிமீட்டர் உயரப் பையன், வளைந்து நெளிகிற டீத்தோட்டப் பாதை, 20,000 ரூபாய் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 26தான் சரி. நம் ஊர் சைக்கிள்கள் பலவற்றுக்கும் இதே அளவு டியூப் போகும், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே கிடைக்கும்.

வாங்குமுன் பில் கேட்டேன். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் அடித்திருக்கும் ஃப்ரேம் நம்பரைத் துடைத்து, பில்லில் இருந்த நம்பரோடு ஒப்பிட்டேன். யாரோ ஒரு பையனிடம் திருடிய சைக்கிள் நம் பட்டறைக்குள் வந்துவிடக் கூடாது. பில் இல்லை என்று சொன்ன இரண்டு இடங்களிலிருந்து அதற்கு முன் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

விரிசலா, பெயின்ட்டா

எல்லாவற்றையும் கழற்றி ஃப்ரேமைக் கழுவினேன். ஹெட் டியூபும், அதிலிருந்து பெடல் பக்கம் சரிகிற டவுன் டியூபும் சேருகிற வெல்டிங்குக்குக் கீழே, முடி மாதிரி ஒரு கோடு. விரல் நகத்தை வைத்து இழுத்தால் லேசாகத் தட்டியது. அலுமினிய ஃப்ரேம் போகிற இடமே இதுதான். முன்சக்கரம் கல்லில் மோதும்போதெல்லாம் அந்த மூட்டில்தான் அடி விழும். இரும்பு பெரும்பாலும் வளைந்து, எச்சரித்து உடையும். அலுமினியம் சின்னச் சின்ன அடிகளை உள்ளுக்குள் சேர்த்து வைத்து, ஒரு நாள் சொல்லாமல் பிளக்கும். மலை இறக்கத்தில் அப்படிப் பிளந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே கை நடுங்கியது.

வார்ப்படத்தில் விரிசல் பார்க்க ஃபவுண்டரியில் செய்கிற பழைய சோதனையைச் செய்தேன். கோட்டைச் சுற்றி இரண்டு இஞ்சுக்கு பெயின்ட்டை நைஸ் எமரித் தாளில் தேய்த்து வெறும் உலோகத்தைக் கொண்டுவந்தேன். பெயின்ட் இருந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி அரை மணி நேரம் விட்டேன். பிறகு சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட்டேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் ஈரக் கோடாகத் தெரியும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம், பத்து, இருபது. பூச்சு வெள்ளையாகவே இருந்தது. வெடித்தது பெயின்ட் மட்டும்தான். “தெரிஞ்சிருந்தா என்ன மாமா பண்ணியிருப்பீங்க?” என்றான். வெல்டிங் வைக்காமல் எடைக்குப் போட்டிருப்பேன் என்றேன், உண்மையும் அதுதான். இந்த ஃப்ரேம்கள் வெல்டிங் முடிந்ததும் முறையாகச் சூடேற்றி வலுப்படுத்தப்பட்டவை. தெருமுனையில் வைக்கிற வெல்டிங் அந்த வலுவைக் கெடுத்துவிடும்.

அதே சோதனையை பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற செயின் ஸ்டே குழாயிலும், சீட் டியூபின் வாயிலும் செய்தேன். ஹேண்டில்பாரை மட்டும் சோதிக்கவே இல்லை, நேராகப் புதுசு வாங்கினேன். எத்தனை தடவை விழுந்தது என்று தெரியாத ஹேண்டில்பாருக்கு என் அக்கா மகனின் பல்லைப் பணயம் வைக்க மனம் வரவில்லை.

சீட் போஸ்ட் ஐந்து வருட மழையில் ஃப்ரேமோடு ஒட்டிப்போயிருந்தது. துரு தளர்த்தும் எண்ணெயை மூன்று நாள் ஊற்றி வைத்து, போஸ்ட்டின் தலையை வைஸில் இறுக்கி, முழு ஃப்ரேமையே நெம்புகோலாகப் பிடித்து இருவரும் திருப்பினோம். முதலில் ஒரு முனகல், பிறகு வந்தது. விட்டம் 27.2. அதை மாற்றுகிறவர்கள் 27.0 கிடைத்தால் ‘கிட்டத்தட்டத்தானே’ என்று போட்டுவிடக் கூடாது. அந்த 0.2 மி.மீ. இடைவெளியே சீட் டியூபின் வாயைக் கிழித்துவிடும்.

ஃபோர்க்: டியூபை அளக்காமல் வாங்காதீர்கள்

அதில் இருந்த ஸ்பிரிங் ஃபோர்க்கின் கால்களில் துருப்புள்ளிகள். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே புஷ் ஆடுவது கையில் தெரிந்தது. அதற்கு வைத்தியம் இல்லை.

பழைய காற்று ஃபோர்க் ஒன்று 5,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தச் செலவுதான் சைக்கிளின் குணத்தையே மாற்றியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய ஃபோர்க் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது மேலே உள்ள ஸ்டியரர் டியூபில், அதாவது ஹெட் டியூபுக்குள் நுழைகிற தண்டில். முதல் உரிமையாளர் தன் ஃப்ரேமுக்கு ஏற்றபடி அதை அறுத்திருப்பார். நம் ஃப்ரேமுக்கு அது குட்டையாக இருந்தால் ஃபோர்க் எவ்வளவு நல்லதானாலும் பயனில்லை. எங்கள் ஹெட் டியூப் 120 மி.மீ., ஹெட்செட்டின் (ஹெட் டியூப் பேரிங்) மேல் கீழ்க் கிண்ணங்கள் சேர்ந்து 25, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் பிடிக்கும் உயரம் 40. குறைந்தது 185 வேண்டும். அந்த ஃபோர்க்கில் இருந்தது 188. மூன்று மில்லிமீட்டரில் தப்பியது.

ஃபோர்க் அமுங்கும் பயண நீளமும் 100 மி.மீ.தான், ஃப்ரேம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதே. 140 மி.மீ. ஃபோர்க் ஒன்று இதைவிட மலிவாகவே வந்தது, அவனுக்கு அதன்மேல் கண். வேண்டாம் என்றேன். நீளமான ஃபோர்க் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். ஏற்றத்தில் முன்சக்கரம் மிதக்கும், நான் சோதித்த அதே மூட்டில் நெம்புவிசையும் கூடும்.

கால்களில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் முழுக்கத் தடவிப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். பட்டறையில் கீழ்க்கால்களைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய் என்று பெயருக்குச் சேறுதான் இருந்தது. கழுவி, தூசுத் தடுப்பு வளையங்களை மாற்றி, காலுக்கு 15 மி.லி. புது ஃபோர்க் ஆயில் விட்டேன். காற்றடிக்க சாதாரண பம்ப் ஆகாது, இதற்கென்றே கடிகாரம் வைத்த சின்ன பம்ப் இருக்கிறது. அவனை ஏறி உட்காரச் சொல்லி, ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையத்தை ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து 22 மி.மீ.யில் நிறுத்தினேன். நூறுக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து வரை அமுங்கினால் சரி.

கியர்: முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் வேண்டாம் என்று ஏன் முடிவெடுத்தேன்

இப்போது எல்லோரும் முன்னால் ஒரே பல்சக்கரம் வைக்கிறார்கள். அவனும் அதைத்தான் கேட்டான். கணக்குப் போட்டோம். முன்னால் 32 பல், பின்னால் 42 பல் வைத்தால் விகிதம் 0.76. இந்த டயர் ஒரு சுற்றுக்கு 2.07 மீட்டர் போகும், ஆக ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, 1.58 மீட்டர். அதற்குப் புது ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), புது டிரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கை), புது கேசட், செயின் என்று 7,000 ரூபாய் ஆகும். ஏற்கெனவே பெடல் மாட்டும் கிராங்கில் இருந்த 22 பல் சின்னச் சக்கரத்தை வைத்துக்கொண்டு, பின்னால் 34 பல் எட்டு ஸ்பீடு கேசட் போட்டால் விகிதம் 0.65. ஒரு மிதிக்கு 1.34 மீட்டர். பழைய சைக்கிளில் இது 2 மீட்டருக்கு மேல். கோத்தகிரி ஏற்றத்துக்கு மலிவானதுதான் நல்லதும் என்று வந்தது, எட்டு ஸ்பீடையே வைத்துக்கொண்டோம். பட்ஜெட் பெரிதாக இருந்தால் முன்னால் ஒற்றைச் சக்கரமும் பின்னால் 51 பல்லும் போடலாம், அது வேறு கணக்கு.

பழைய செயினை ஸ்டீல் ஸ்கேலில் அளந்தேன். புதுச் செயினில் ஒரு பின் மையத்திலிருந்து எண்ணினால் சரியாக 12 இஞ்சில் இன்னொரு பின் மையம் வரும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தாண்டியிருந்தால் செயின் மட்டும் போனது. எங்கள் செயின் எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தது, அப்படியானால் பல்சக்கரங்களும் அதோடு தேய்ந்திருக்கும். கேசட், செயின், நடுவில் உள்ள 32 பல் சக்கரம் மூன்றையும் புதிதாக வாங்கினேன். டிரெயிலரும் ஷிஃப்டரும் பழையதே. அவை ஒரே கம்பெனி, ஒரே தலைமுறை. ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு இழுக்கும் கேபிள் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றின் ஷிஃப்டரோடு இன்னொன்றின் டிரெயிலரைச் சேர்த்தால் எவ்வளவு திருகினாலும் கியர் நிற்காது.

மூன்றாவது பெரிய சக்கரம், 42 பல், தேவையில்லை. தூக்கிப் போடாமல் லேத்தில் ஏற்றினேன். பல் இருக்கும் விளிம்பில் டூல் விட்டு விட்டு அடிக்கும், அதனால் மெல்லிசான வெட்டாக வைத்து, பல் முழுக்கப் போகும் வரை கடைந்து, 155 மி.மீ. வட்டத் தட்டாக்கினேன். அதே போல்ட்டில் அதே இடத்தில் மாட்டியாகிவிட்டது. கல்லோ மரக்கட்டையோ இடித்தால் அந்தத் தட்டு வாங்கிக்கொள்ளும், 32 பல் சக்கரத்துக்கு அடி படாது. லேத் இல்லாதவர்கள் இதைக் கடையில் வாங்கலாம், அல்லது என் மாதிரி ஒரு பட்டறையில் டீக்காசு கொடுத்தால் செய்து கொடுப்பார்கள்.

பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். செயின் பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை, கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். கிராங்க் கழற்றும் கருவியை ஏற்றுமுன் போல்ட்டோடு வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். வாஷர் உள்ளே இருந்தால் கருவி முழுதாகப் பிடிக்காது, கிராங்கின் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பிரேக்கைப் பழையதாக வாங்கவில்லை

மலைச் சைக்கிள் என்ற வண்டியே பழைய பாகங்களிலிருந்து பிறந்ததுதான். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1970களில், 30களிலும் 40களிலும் ஷ்வின் கம்பெனி செய்த கனத்த எக்செல்சியர் ஃப்ரேம்களைத் தேடியெடுத்து, கிடைத்த கியரையும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரையும் மாட்டி மலையிறக்கத்தில் விட்டார்கள். ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்த பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய ஹப் பிரேக், ஒரே இறக்கத்தில் கிரீஸ் புகையாகும் அளவுக்குச் சூடேறிவிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைத் திறந்து கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே புது ஃப்ரேம் செய்யத் தொடங்கினார்.

அந்தக் கதையை அவனுக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோத்தகிரியிலிருந்து ரோடு 300 மீட்டர் சொச்ச உயரத்தில் இருக்கிற மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது, தூரம் 33 கிலோமீட்டர் அளவு. அந்த இறக்கத்தின் சூட்டில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சேரும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிற ஹைட்ராலிக் பிரேக் பழையதாக இருந்தால், அதன் சீல் எப்போது போகும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஷிமானோவின் விலை குறைந்த ஹைட்ராலிக் ஜோடியைப் புதிதாக வாங்கினேன். முன்னால் 180 மி.மீ. தட்டு, பின்னால் இருந்த 160 அப்படியே. இவற்றில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார் பிரேக்குக்கு ஊற்றும் டாட் திரவம் பட்டால் சீல்கள் ஊதிப் பாழாகும். பழைய தட்டை ஸ்பிரிட்டில் துடைத்து எமரித் தாளில் தேய்த்தபின், காலி மைதானத்தில் வேகமெடுத்து, நிற்காமல் குறைத்து, மறுபடி வேகமெடுத்து என்று இருபது தடவை ஓட்டச் சொன்னேன். கடைசிச் சில தடவைகளில் பிரேக்கின் பிடி தெளிவாக ஏறியது.

சக்கரம் மட்டும் என் கைக்கு வராத வேலை. எங்கள் தெருமுனையில் நாற்பது வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கிப் பார்த்தார், விரலால் தட்டிச் சத்தம் கேட்டார். “ரிம்மு நல்லா இருக்குதுங்க. ஆறு கம்பி மட்டும் செத்துப்போச்சு, மாத்திக் கோட்டம் எடுத்துத் தர்றேன், நாளைக்கு வாங்க” என்றார். டயர் வாங்கப் போனபோது அவர் சொன்ன எச்சரிக்கை எல்லோருக்கும் உதவும். 26 என்று மட்டும் கேட்டால் கடையில் 26×1⅜ டயரையும் கொடுத்துவிடுவார்கள். அது 590 மி.மீ. ரிம்முக்கானது, மலைச் சைக்கிளின் 26 என்பது 559. டயரின் பக்கவாட்டில் அந்த எண் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். டயரைப் பழையதாக மட்டும் வாங்காதீர்கள்.

கணக்கு

சைக்கிள் 6,500. ஃபோர்க் 5,000. பிரேக் ஜோடி, முன்தட்டு, இணைப்புத் துண்டுகள் சேர்த்து 4,800. டயர், டியூப் 2,900. கேசட்டும் செயினும் 2,200. ஹேண்டில்பாரும் 60 மி.மீ. ஸ்டெம்மும் 1,250. பாட்டம் பிராக்கெட் 900, நடுச் சக்கரம் 800, எண்ணெய், கிரீஸ், வளையங்கள் 700, கம்பியும் கோட்டம் எடுத்த கூலியும் 600, கியர் கேபிள் 450, கைப்பிடி 350. ஆகமொத்தம் 26,450. முதல் ஃப்ரேமில் போன 500ஐச் சேர்த்தால் 26,950. பழைய சைக்கிளை நேராக்கி 2,500க்கும், கேபிள் பிரேக்குகளை 800க்கும் விற்றோம். நிகரம் 23,650. பட்ஜெட்டைத் தாண்டிய 3,650ஐ நான் போட்டேன், அவன் மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கருவிகள் இதில் சேரவில்லை. கிராங்க் கழற்றி, கேசட் கழற்றி, பாட்டம் பிராக்கெட் கழற்றி, ஃபோர்க் பம்ப் எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. அவை அடுத்த சைக்கிளுக்கும் ஆகும் என்றாலும், ஒரே ஒரு சைக்கிள் கட்டப்போகிறவர் இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி போட்டால் புது சைக்கிளே மலிவு. ஆனால் அந்த ஐந்து வாரத்தில் அவன் ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் கழற்றி மாட்டியிருக்கிறான். தோட்டத்தின் நடுவில் செயின் அறுந்தால் இனி அவன் யாரையும் தேட வேண்டியதில்லை. எனக்கு அந்தக் கணக்குதான் பெரிது.

எட்டு மாதம் கழித்து

கட்டி முடித்த எடை 13.6 கிலோ. எட்டு மாதத்தில் ஆக்சில் வளையவே இல்லை. முன் பிரேக் கட்டை ஒரு தடவை மாற்றினான். தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஜீப் பாதையிலும் ஹட்டிகளை (படுகர் ஊர்களை) இணைக்கும் ஒற்றையடிப் பாதையிலும் மட்டும் ஓட்டுகிறான். காட்டுக்குள் போவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காட்டெருமை இறங்கும் என்பதால் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

உடைந்தது ஒன்றே ஒன்று. பின் டிரெயிலர் தொங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு, ஒரு கல்லில் இடித்து ஒடிந்தது. அது ஒடிவதற்கென்றே செய்யப்பட்டது. அது வளைந்துகொடுக்காவிட்டால் ஃப்ரேமே வளையும். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஹேங்கரின் வடிவம் வேறு, பன்னிரண்டு வருடப் பழைய ஃப்ரேமுக்கு எந்தக் கடையிலும் இல்லை. இதை நான் வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும், பழைய ஃப்ரேம் வாங்குகிறவர்கள் ஹேங்கர் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஒடிந்த இரண்டு துண்டுகளையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். தாளில் சேர்த்து வைத்து வரைந்து, 6 மி.மீ. அலுமினியத் தகட்டில் அறுத்து, அரத்தால் ராவி, 10 மி.மீ. துளைக்கு 1 மி.மீ. புரி மரை போட்டு இரண்டு செய்தேன். ஒன்று சைக்கிளில் இருக்கிறது. இன்னொன்றைத் துணியில் சுற்றி, சீட்டுக்கு அடியில் கறுப்பு டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான். வரைந்த தாள் என் லேத்துக்கு மேலே சுவரில் இருக்கிறது.